ஆறு மணிப் பூசை

“பூசைக்குத்தான் போறேன் பிலோமி,” என்று சொல்லி அறிவரசன் பைக்கைக் கிளப்பியதும் பிலோமினாவுக்குச் சந்தேகம் மூண்டது. கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கிய மனுஷன், இருபது வருஷம் கழித்து வாராவாரம் பூசைக்குப் போவாரா? உடையார்பாளையத்தில் இருக்கும் குலதெய்வத்திடம்தான் திருட்டுத்தனமாகப் போகிறார்!

அவளோ நாலு தலைமுறைக் கிறிஸ்தவள். வாசல் கதவில் சிலுவை, காரில் மாதா படம், டிசம்பர் பிறந்தால் தெருவிலேயே பெரிய ஸ்டார். மகளுக்கு வந்த நல்ல வரனைக்கூட, “நம்ம வேதத்துப் பையனா இருந்தாதான் பேச்சு,” என்று தட்டிக் கழித்தவள்.

“இன்னிக்குக் கையும் களவுமா புடிக்கிறேன் பாரு,” என்று தங்கைக்குப் போன் போட்டுவிட்டு ஸ்கூட்டியில் பின்தொடர்ந்தாள்.

பைக் நின்றது ஜெயங்கொண்டம் சர்ச் வாசலில்.

‘வண்டிய இங்க போட்டுட்டு, பஸ் ஏறிட்டாரோ?’ உள்ளே எட்டிப் பார்த்தாள். இருபது பேர்கூட இல்லை. மைக் முன்னால் பைபிள் வாசித்துக்கொண்டிருந்தார் அறிவரசன்.

அப்போதும் அவளுக்கு மனசு ஆறவில்லை. வந்ததுதான் வந்தோம், நன்மையாவது வாங்குவோம் என்று இருந்து, அப்பம் கொடுக்கும் நேரத்தில் பெண்கள் வரிசையில் போய் நின்றாள்.

“கிறிஸ்துவின் திருவுடல்,” என்றார் ஃபாதர். இந்தப் பங்குக் கோயிலுக்கு வந்து மூன்று வருஷமாகியும் அவர் பார்த்திராத முகம். பிலோமினா தீர்த்தம் வாங்குவதுபோல வலது கையைக் குழித்து நீட்டினாள்.

ஃபாதர் அப்பத்தைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு, அவள் நெற்றியில் சிலுவை வரைந்தார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. இந்துச் சகோதரிகளுக்கு ஆசீர்வாதம் மட்டுந்தான்.”

அடுத்து ஆண்கள் வரிசைக்குத் திரும்பினார். மற்ற எல்லோரையும் போல இடது உள்ளங்கையை வலது கைமேல் வைத்து ஏந்தி நின்ற அறிவரசன், கணீரென்று சொன்னார்: “ஆமென்.”