பொட்டுக்குப் பின்னால்

டேஷ்போர்டில் அணையாமல் எரிந்த எஞ்சின் விளக்கு கண்ணை உறுத்துகிறதென்று, என் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை அதன்மேல் ஒட்டி மறைத்தவர் என் கணவர். நாளை காயலான் கடைக்காரர் வந்து காரை இழுத்துப்போவதாக ஏற்பாடு. இன்று பானெட்டைத் திறந்து, கெட்டுப்போன சென்சாரைக் கழற்றிப் புதியதை நானே முடுக்கினேன். பழைய கோளாறுப் பதிவு அழியட்டுமென்று பேட்டரி ஒயரையும் ஒருமுறை கழற்றி மாட்டினேன். “இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க!” என்று ஸ்டியரிங் முன் உட்கார்ந்திருந்த அவரிடம் கத்தினேன். எப்போதும் இருமி இருமி நிற்கும் வண்டி ஒரே மூச்சில் உறுமியது. “அடியே, திணறவே இல்லடி!” அவர் சீட்டிலேயே குதித்தார். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். “பொட்ட எடுங்க.” “பயமா இருக்கு, நீயே எடு.” உரித்தேன். அடியில் இருட்டு; விளக்கு அணைந்திருந்தது. பொட்டை என் நெற்றியில் ஒட்டிக்கொண்டேன். அங்கே விளக்கு எரிந்துவிடுமோ என்பதுபோல் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.