நல்ல ரத்தம்

மைக்ரோவேவ் அலைகளை ரத்தத்தில் செலுத்தி மலேரியாவைக் கண்டுபிடிக்கும் கருவி அது. பேராசிரியை நேசபாய் பல வருடம் பாடுபட்டுச் செய்தது.

முதலில் நோயாளியின் ரத்தத்தை வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

“இனி நல்ல ரத்தம் வையுங்க” என்றார் சோதிக்க வந்த அதிகாரி.

காலையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த குப்பியை வைத்தாள். அதற்கும் சிவப்பு.

“நோயே இல்லாதவனுக்கும் மலேரியாங்குதே! இதுக்கு அனுமதி தர முடியாதும்மா.” அவர் எழுந்து போய்விட்டார்.

“பொய்யா சொல்லுத, சனியனே?” நேசபாய் கருவியைத் தரையில் போட்டு உடைத்தாள்.

போன் அடித்தது. கணவன் செல்வதாஸ்.

“நேசம், ஒடிசாவுக்கு ஊழியத்துக்குப் போய்ட்டு வந்த நம்ம பயலுக்குக் குளிரு தூக்கித் தூக்கிப் போடுது. நெனவே இல்ல. இன்னைக்குக் காலத்த நீதானே அவன்கிட்ட ரத்தம் எடுத்த? அப்பம் ஒண்ணும் தெரியலியா?”