பதில் சொல்லும் மணி

‘டங்’ என்று மூடுபனிக்குள்ளிருந்து ஒரு மணிச் சத்தம் வந்தது. மலை ஏரிக்கரை டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஊர்சுற்றியின் கையிலிருந்த டீ பாதி சட்டையில் கொட்டியது.

அந்த மணி அடிக்கவே கூடாது. அப்படி ஒரு மணியே உலகத்தில் கிடையாது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

வார இதழில் ‘ஊர்சுற்றி’ என்ற புனைபெயரில் பயணக் கட்டுரை எழுதுகிறவர் அவர். நாலு மலை வளைவைக் கண்டாலே குமட்டும் என்பதால், சுற்றியதெல்லாம் வீட்டுக் கட்டிலில் சாய்ந்தபடிதான். போன மாதக் குளிர்கால மலருக்காக ‘பார்த்தே தீரவேண்டிய பத்து இடங்கள்’ எழுத உட்கார்ந்தார். ஒன்பதோடு சரக்கு தீர்ந்துவிட்டது.

பத்தாவதாக, ‘இந்த மலை ஏரிக் கரையில் ஒரு பழைய மணி தொங்குகிறது. பனி மூடிய காலையில் அதை அடித்தால் எதிர்க்கரையிலிருந்து இன்னொரு மணி பதில் சொல்லும்’ என்று கூசாமல் அளந்துவிட்டார்.

இதழ் வெளிவந்ததும் புரட்டிப் பார்த்தார். பக்கத்தில் பாதிக்கு மணியின் படம். வெள்ளைப் புகைமூட்டத்துக்கு நடுவே மங்கலாக, நாக்குகூட இல்லாத ஒரு மொட்டை மணி.

இல்லாத மணியை இதழின் போட்டோகிராபர் எங்கே போய் எடுத்தார்? ஒருவேளை வந்து தேடிப் பார்த்து, பொய்யைக் கண்டுபிடித்து, சமயம் வரட்டும் என்று காத்திருக்கிறாரோ? கேட்கவும் வழியில்லை. கேட்டால் தன் குட்டுதான் முதலில் உடையும்.

போன வாரம் ஆசிரியர் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டார்.

“வாசகர் ஒருத்தர் போன்ல கிழிகிழின்னு கிழிச்சுட்டார். குடும்பத்தோட போய் ஏரியைச் சுத்திச் சுத்தி வந்தாராம். மணியும் இல்லையாம், மண்ணாங்கட்டியும் இல்லையாம். ரெண்டு பேரும் போய் அந்த மணி பக்கத்துல நின்னு ஒரு படம் எடுத்துட்டு வாங்க. இல்லேன்னா அங்கிருந்தே வீட்டுக்குப் போயிடுங்க.”

பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை மூக்கருகே பிடித்தபடி ஊர்சுற்றி மெல்லத் தூண்டில் போட்டார்.

“தம்பி, படம் எடுக்க வந்தப்போ ஏரிக்கு எந்த வழியா போனீங்க?”

“நீங்க போன அதே வழிதான் சார்.”

“நான் போனது கொஞ்சம் சுத்து வழி.”

“நானும் சுத்திக்கிட்டுதான் சார் போனேன்.” போட்டோகிராபர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சரியான அழுத்தக்காரன் என்று ஊர்சுற்றி பல்லைக் கடித்தார். ஆசிரியரே வேவு பார்க்க அனுப்பியிருப்பாரோ என்ற சந்தேகமும் சேர்ந்துகொண்டது.

இப்போது டீக்கடையில் போட்டோகிராபரும் எழுந்து நின்றிருந்தார். “மணிதானே சார் அது?”

“பின்னே? நான்தான் எழுதியிருந்தேனே” என்றார் ஊர்சுற்றி. குரல் அவருடையது போலவே இல்லை.

சத்தம் வந்த திசையில் இருவரும் நடந்தார்கள். ஏரிக்கரைக் கல்மேட்டில், இரண்டு மரத்தூண்களுக்கு நடுவே மணி தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சுற்றுலா வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒரு படகுக்காரர் கட்டையால் மணியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். எதிர்க்கரைப் பனியிலிருந்து மெலிதாக ‘டங்’ என்று பதில் வந்தது. அதன் பின்னாலேயே ஓர் இருமலும் வந்தது.

ஊர்சுற்றிக்கு மயிர்க்கூச்செறிந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். “நீங்க எடுத்த அதே மணிதானே தம்பி? என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க, கேமராவை எடுங்க.”

போட்டோகிராபர் மணியைச் சுற்றிவந்து உள்ளே கைவிட்டுத் துழாவினார். முகம் வெளிறிவிட்டது. ஊர்சுற்றியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

“சார், ஆசிரியர்கிட்ட சொல்லிடாதீங்க. நான் இந்தப் பக்கம் வந்ததே இல்ல. உடனே படம் வேணும்னு அவர் கழுத்துமேல உக்காந்துட்டார். வீட்டுல இருந்த பித்தளை டம்ளரைக் கயித்துல கவுத்துத் தொங்கவிட்டு, குக்கர் ஆவியில வெச்சு எடுத்தேன். நேர்ல பாத்த மனுஷன் நீங்க, எப்ப கண்டுபிடிப்பீங்களோன்னு ஒரு மாசமா சோறு இறங்கலை.”

ஊர்சுற்றி சட்டையிலிருந்த டீக்கறையைத் துடைக்க ஆரம்பித்தார்.

“அதில்ல சார் விஷயம். டம்ளருக்கு நாக்கு கிடையாது. இந்த மணிக்கும் இல்லையே?”

ஊர்சுற்றிக்குத் தலை சுற்றியது. இந்தமுறை மலை வளைவு காரணமில்லை. தானும் வந்ததில்லை, இவரும் வந்ததில்லை. பிறகு இது எப்படி இங்கே?

படகுக்காரரிடம் போனார். “ஏங்க, இந்த மணி எவ்வளவு காலமா இருக்கு?”

“எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்து மணி சார்.” படகுக்காரர் ஒப்பிப்பதுபோல் சொன்னார். மணி கட்டியிருந்த கயிற்றில் துளி அழுக்குகூட இல்லை.

“நாங்க அந்தப் பத்திரிகையிலேருந்து வர்றோம். கட்டுரை எழுதினது நான், படம் எடுத்தது இவர். உண்மையைச் சொல்லுங்க, மணின்னா நாக்கு இருக்கணும்ல?”

படகுக்காரரின் கையிலிருந்த கட்டை நழுவியது. வரிசையில் நின்றவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு, தலையைச் சொறிந்தபடி குரலைத் தாழ்த்தினார்.

“கோவிச்சுக்காதீங்க சார், நீங்க போட்ட படத்துல நாக்கு இல்லை, அதான் கடையிலேருந்து வாங்கிட்டு வந்ததுமே அதை அறுத்து எடுத்துட்டோம்.”