காயாத கை

நான்காவது முறையும் கை சரியாக வரவில்லை.

டர்பன்டைன் தொட்ட துணியால் படத்திலிருந்து அதைத் துடைத்தாள். கிழவியின் முகம், கர்ப்பிணியின் நீல அங்கி, பின்னால் வளைவு வாசல் எல்லாம் முடிந்து, காய்ந்து, மூன்று வாரமாயிற்று. இந்த ஒரு கைதான் பாக்கி.

கீழே கூடத்தில் வளையல் சத்தம்.

மாமியார் காலையிலேயே மாடியேறி வந்து சொல்லிவிட்டாள்.

"தப்பா நெனைக்காதம்மா. வளைகாப்புக்கு வர்றவங்க நாலு பேசுவாங்க. நீ இங்கயே படத்தைப் போட்டுக்கிட்டிரு, சாப்பாட்டுக்குக் கூப்பிடுறேன்."

அவளுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருஷம். ஓரகத்தி ரெஜினா இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். இது ஏழாம் மாதம். பிள்ளை பெறாதவள் வளையல் போட்டால் ஆகாதாம். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீடுதான். அதற்காகச் சாத்திரம் விட்டுப்போகுமா?

ரெஜினாமேல் கோபமில்லை. அந்தப் பெண் நல்லவள்.

ஆயில் பெயின்டிங் வகுப்பில் ஆளுக்கொரு பழைய இத்தாலியப் படத்தைக் கொடுத்து, அப்படியே பார்த்து வரையச் சொன்னார்கள். அவளுக்கு வாய்த்தது எலிசபெத்தை மரியாள் பார்க்க வந்த காட்சி. மலடி என்று ஊர் சொன்ன கிழவி எலிசபெத், கர்ப்பிணி மரியாளின் வயிற்றில் கை வைக்கிறாள். யாரும் தடுக்கவில்லை.

திங்களும் சனியும் இந்த வீட்டு ஜெபமாலையில் இதையும்தான் சொல்கிறார்கள். சந்தோஷ தேவ இரகசியங்களில் இது இரண்டாவது. மாமியார்தான் முன்னால் சொல்வாள்.

அச்சுப் படத்தில் கை மங்கலாக இருந்தது. அதை ஒதுக்கிவிட்டுத் தன் இடது கையை மேசைமேல் விரித்து வைத்தாள். அதைப் பார்த்தே போட்டாள். வண்ணத்தைத் தடிப்பாக அப்பினாள்.

இந்த முறை கை உட்கார்ந்துவிட்டது.

ஆயில் லேசில் காயாது. பத்து நாளாவது தொடக்கூடாது. வகுப்பின் முதல் பாடம் அது.

சாப்பிடக் கூப்பிட வந்த மாமியார் படத்தைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"அடியாத்தீ, மாதா என்னா லட்சணம்! புள்ளத்தாச்சி கண்ணுல இதுதான் படணும்."

சட்டத்தின் இரு ஓரத்தையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

ஈரம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

படம் கூடத்துக்குள் போனது. அவள் கடைசிப் படியோடு நின்றாள்.

ரெஜினா நாற்காலியிலிருந்து எழுந்தாள். இரண்டு கையும் முழங்கை வரை வளையல்.

"அக்கா வரைஞ்சதா? அக்காவ எங்க?"

ஒருத்தி சந்தனக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள்.

"மாதாவ வயித்துல ஒத்திக்கம்மா," என்றாள் மாமியார். சொன்னதோடு விடாமல், தானே படத்தைத் திருப்பி, மருமகளின் வயிற்றில் வைத்து அழுத்தினாள். கண்ணை மூடி ஒரு அருள்நிறை மரியே சொன்னாள். முழுவதும் சொன்னாள்.

அவள் படியிலேயே நின்று பார்த்தாள்.

மாமியார் படத்தை எடுத்தாள்.

மஞ்சள் பட்டின்மேல், நடுவயிற்றில், ஐந்து விரல்.

"யாரு கை வச்சது?" மாமியாரின் குரல் கீச்சிட்டது. "யாருடி கை வச்சது?"

சந்தனம் தொட்ட கைகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

படியில் நின்றவள் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள்.

சுத்தமாக இருந்தது.