தொடாதே என்று எழுதியிருந்த பெட்டி

செவ்வாய், 14. மதியம் 1.40. செய்த தப்பு ஒன்று: 'தொடாதே' என்று காகிதம் ஒட்டியிருந்த கறுப்புப் பெட்டியைத் தொட்டுவிட்டேன். ஒரு நொடிதான். விரல் சுட்டது. ரிசப்ஷன் அக்கா டம்ளர் கழுவப் போயிருந்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

டைரியை மூடிவிட்டு அவள் நிமிர்ந்தால், எதிரே டாக்டரின் மச்சினன் நின்றுகொண்டிருந்தான். பார்த்திருக்கிறான்.

"என்ன புரொபசர், படிக்கத் தெரியாதா? அந்தப் பெட்டிக்குள்ள பதினோரு வருஷத்து எக்ஸ்ரே நகல் இருக்கு. இந்த ஊரோட சொத்தைப் பல் மொத்தமும் அதுக்குள்ளதான்."

"ரொம்ப சூடா இருக்கு சார்..."

"உழைக்குதுல்ல? உழைக்கிறது சூடாகத்தான் செய்யும். நீயும் கொஞ்சம் உழைச்சுப் பாரு."

பகலில் அந்தப் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், சாயங்காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு அங்கே புரொபசர் என்றுதான் பெயர். மச்சினன் எந்த வகுப்புக்கும் போனதில்லை. டாக்டர் அவன் அக்காவைக் கட்டினார். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அவன் பொறுப்பில் வந்து சேர்ந்தது. மாதம் ஒரு முறை வருவான். ரிசப்ஷனுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன அறையின் வாசலில் நின்றபடியே பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்ப்பான். "எரியுது, ஓகே" என்பான். போய்விடுவான்.

இன்றைக்கு உள்ளேயே வந்துவிட்டான். கம்ப்யூட்டர் நொண்டுகிறதாம். ஐந்து மணிக்குள் அதன் டிஸ்க்கைச் சுத்தமாக அழித்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றப் போகிறானாம். பயம் எதற்கு, நகல்தான் பெட்டியில் இருக்கிறதே.

அவளுக்குச் சுட்ட விரல் ஞாபகம் வந்தது. முந்தின நாள் வகுப்பில்தான் 'ஃபைண்ட்மவுண்ட்' என்ற கட்டளையைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கம்ப்யூட்டரோடு எந்தெந்த டிஸ்க் சேர்ந்திருக்கிறது, எந்த ஃபோல்டர் வழியாக அதற்குள் போகலாம் என்று பட்டியல் போட்டுக் காட்டும். ஃபோல்டரின் பெயரைச் சொல்லியும் தேடலாம்.

அவன் போன் பேச வெளியே போன நேரம் பார்த்து, பெட்டிக்குப் போகும் வழியாக இருக்க வேண்டிய நகல் ஃபோல்டரின் பெயரைக் கொடுத்துத் தேடினாள். பதில் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை.

தப்பு தன் மேல்தான் என்று நினைத்தாள். அது அவள் வழக்கம். நோட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக மறுபடி அடித்தாள். அதே மௌனம். முழுப் பட்டியலையும் வரவழைத்து, திரையில் விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். பெட்டி எங்குமே இல்லை.

கடைசியாக, அந்த ஃபோல்டர் எந்த டிஸ்க்கில் இருக்கிறது என்று கேட்டாள். இந்த முறை பதில் வந்தது. மச்சினன் எதை அழிக்கப் போகிறானோ, அதே டிஸ்க்.

அசலும் அங்கேதான். நகலும் அங்கேதான்.

"என்னம்மா?" அவள் கூப்பிட்டதும் டாக்டர் கையுறையோடு வந்து நின்றார். "பேஷன்ட் வாயைப் பொளந்துக்கிட்டு உக்காந்திருக்காரு. சட்டுன்னு சொல்லு."

"நகல் எதுவும் பெட்டிக்குப் போகவே இல்ல டாக்டர். பட்டியல்ல பெட்டியே கிடையாது. இப்ப அழிச்சா எல்லாமே போயிடும்."

போனோடு திரும்பி வந்த மச்சினன் சிரித்தான். "மாமா, பட்டியல்ல ஏதோ ஒரு வரிதான் பெட்டி. எதுன்னு இவளுக்குத் தெரியல, அவ்வளவுதான். விளக்கு எரியுது பாருங்க!"

டாக்டர் விளக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "நிச்சயமா சொல்றியா?"

எதையும் அவள் நிச்சயமாகச் சொன்னதாக நினைவில்லை. "வயரைப் புடுங்கிட்டு மறுபடி பட்டியல் எடுக்கலாம் டாக்டர். பெட்டி சேர்ந்திருந்தா ஒரு வரியாவது குறையணும்."

"புடுங்கி, நகல் கெட்டுப்போச்சுன்னா?" என்றான் மச்சினன்.

"கெட்டுப்போச்சுன்னா," என்றார் டாக்டர், "நாளைலேருந்து நீ சாயங்கால வகுப்புக்கு மட்டும் போனா போதும்மா."

அவள் பட்டியலை எண்ணினாள். இருபத்தேழு வரி. கம்ப்யூட்டரின் பின்னால் கைவிட்டு, பெட்டியின் வயரைப் பிடித்து இழுத்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது. மச்சினன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

மறுபடி எண்ணினாள். இருபத்தேழு. தன் எண்ணிக்கை மேல் சந்தேகம் வந்து இன்னொரு முறை எண்ணினாள். இருபத்தேழேதான்.

"அப்ப இத்தனை நாளா இது என்னத்துக்குடா எரிஞ்சுது?" என்றார் டாக்டர்.

மச்சினன் குனிந்து, அணைந்த விளக்கை விரலால் தட்டிப் பார்த்தான்.

அப்போது ரிசப்ஷன் அக்கா உள்ளே வந்தார். கையில் நிறைந்த காபி டம்ளர். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராகப் பெட்டியிடம் போனவர், அணைந்த விளக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"'தொடாதே'ன்னு நான் கொட்டை எழுத்துல எழுதி ஒட்டியும் யாரு என் காபி ஹீட்டரைப் புடுங்கினது? இனிமே என் காபியை எதுமேல வச்சு சூடு பண்றதாம்?"

மாலை 5.10. டிஸ்க் அழிக்கப்படவில்லை. நாளைய வேலை: நகலுக்கான நிஜப் பெட்டியைக் கழற்றி எங்கே வைத்தார் என்று ரிசப்ஷன் அக்காவிடம் கேட்க வேண்டும். காபி சூடாக இருக்கும்போது.