கடைசி இரண்டு கார்கள்

அமெரிக்காவின் ஓஹியோவில், ஆடி மாதச் சந்தைத் திடலில், சாய்வெயில் பட்டுச் சேறு மினுங்குகிறது. பழைய கார்களை ஒன்றோடொன்று மோதி நொறுக்கும் இடிப்புப் போட்டிக்கு வந்த பன்னிரண்டு கார்களில் இரண்டுதான் இன்னும் நொறுங்காமல் நிற்கின்றன. ஒன்றில் ஜோலீன். இன்னொன்றில் அவள் கணவன் டுவைட். ஆறு மாதமாக அவளைப் பிரிந்து இருப்பவன். அவனுடைய கார் சேற்றில் புதைந்து ஆவி கக்குகிறது. ஒரு நிமிடத்துக்குள் அதை இடிக்காவிட்டால், விதிப்படி ஜோலீனும் வெளியேற வேண்டும். அவள் தன் இன்ஜின் அடிபடாதபடி காரைப் பின்னோக்கி ஓட்டி வந்து, அவன் காரின் பின்புறத்தை மெல்லத் தட்டுகிறாள். கூட்டம் ஊளையிடுகிறது. கண்ணாடியில்லாத ஜன்னலில் டுவைட்டின் தலை தெரிகிறது. "என்னடி, தூசி தட்டுறியா? நல்லா இடிடி!" ஆறு மாதத்தில் அவளிடம் அவன் பேசுகிற முதல் பேச்சு. அவள் எல்லைக் கட்டைவரை விலகிப்போய், உதட்டைக் கடித்துக்கொண்டு முழு வேகத்தில் பின்னோக்கிப் பாய்கிறாள். தகரம் அலறி மடங்குகிறது. டுவைட் தன் கதவில் கட்டிய குச்சியை முறித்துத் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். நடுவர் கோப்பையை நீட்டுகிறார். ஜோலீன் அவரைத் தாண்டி, சேற்றில் வழுக்கி ஓடி, ஜன்னலுக்குள் கைவிட்டு அவன் பிடரியைத் தொடுகிறாள். "கழுத்து வலிக்குதா?"

"வலிக்குது," என்கிறான் அவன். "கைய எடுத்துடாத."