எரிக்க வேண்டிய தாள்கள்

"எல்லாத்தையும் இந்தப் பையில போடு," என்றாள் ஆயாம்மா, மஞ்சள் பையை விரித்துப் பிடித்தபடி.

தொற்று வார்டில் இருபது நாள் கிடந்துவிட்டு, அன்றுதான் வீட்டுக்குக் கிளம்பினாள் தையல்காரி. கையில் பதினான்கு தாள்கள். காய்ச்சல் குறிக்கும் தாள்களின் பின்பக்கத்தில் பேனாவால் வரைந்த படங்கள்.

ஊரே அடைந்து கிடந்த நாட்களில், தங்கி வேலை பார்த்த கடைக்குள்ளேயே முதலாளி அவளைச் சீரழித்த கதை அவற்றில் வரிசையாக இருந்தது. வாயால் சொல்ல அவளுக்கு வரவில்லை. அம்மாவிடம் காட்டத்தான் வரைந்தாள். இன்னொரு தடவை வரையத் தெம்பில்லை.

வார்டுக்குள் வந்த காகிதம் வெளியே போகக் கூடாது, எரித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. ஆயாம்மா அதில் படு கறார். போதாக்குறைக்கு, இவள் பேனாவை எடுத்தாலே முணுமுணுப்பு வேறு. தனக்கு நடந்ததை எந்தப் பொம்பளையாவது இப்படிக் கடைவிரிப்பாளா, மூடி வைக்கிறதுதான் மரியாதை என்பாள்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இதை மட்டும் விட்டுடுங்க."

"அந்தப் பேச்சே வேணாம். உங்க அம்மாவுக்கும் சீக்கு வரணுமா?"

தாள்களை வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். கல்நெஞ்சக்காரி என்று பக்கத்துக் கட்டில்காரி அவள் காதுபடவே சொன்னாள்.

நாலாம் நாள், மகளிர் உதவி மையத்து மேடம் வீட்டுக்கு வந்தார். வார்டு ஜன்னலுக்கு வெளியே நின்று தினமும் தையல்காரியிடம் பேசிவிட்டுப் போனவர். அவர் நீட்டிய கவரில் அவளுடைய படங்கள், போட்டோவாக.

"எரிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தாளையும் ஆயாம்மா உள்ளேயிருந்து கண்ணாடியில ஒட்டிப் பிடிச்சாங்க. நான் வெளியில நின்னு எடுத்தேன். சரியா விழுந்திருக்கா, சரியா விழுந்திருக்கான்னு என் உயிரை எடுத்துட்டாங்க. நீ சொல்லாம வேற யாருக்கும் காட்ட மாட்டேன்."

தையல்காரி ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பதினைந்து இருந்தன.

கடைசியில் கோணல்மாணலாக ஒரு பெண். பக்கத்தில் அவளைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் ஒருவன். அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பேனா தாளைக் கிழித்திருந்தது.

"இது நான் வரைஞ்சதில்லையே மேடம்."

"ஆமா. முப்பது வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்லையாம். உங்கிட்ட மட்டும் காட்டச் சொன்னாங்க."